இடது கையில என்ன இருக்கு?

— அரை இஞ்ச் நட்டைக் குடுங்க சிஸ்டர்.

— குடுத்துட்டேனே.

— எங்க?

— கையிலதான்.

— யார் கையில?

— என் கையிலயா வெச்சுக்கிட்டு விளையாடறேன்? உங்க கையிலதான்ணே. இடது கை. நல்லா மடக்கிப் பிடிச்சிருக்கீங்க பாருங்க.

— ஓ... இதுவா.

— இதுவேதான். வேற என்னனு நெனச்சீங்க?

— ஒண்ணும் நெனைக்கல. கை கழுவற தொட்டிக்கு அடியில இருட்டு. அதான் தெரியல.

— இருட்டுல நட்டைக் கண்ணாலயா பாப்பீங்க? போன மாசம் இதே தொட்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, "இது அரை இல்ல, முக்கால், மாத்திக் குடுங்க"னு என்னைத் திட்டினீங்களே.

— திட்டல. சொன்னேன்.

— சரி, சொன்னீங்க. இப்ப வெளிய வாங்க.

— இன்னும் மாட்டலயே சிஸ்டர். தண்ணி சொட்டுது.

— வாளி இருக்கு, சொட்டட்டும். வாங்க, எழுந்து உட்காருங்க. இந்த ஸ்டூல்ல. கண்ணை மூடுங்க.

— எதுக்கு? பிறந்தநாள் பரிசா?

— ஆமா. இடது கையை நீட்டுங்க. இது என்ன?

— சில்லுனு இருக்கு. கெட்டியா இருக்கு. நீளமா... ஒரு பக்கம் பல்லு பல்லா...

— பேரு?

— இருங்க, யோசிக்கிறேன்.

— இது பரீட்சை இல்ல. வலது கைக்கு மாத்தறேன். இப்ப?

— சாவி! அலமாரிச் சாவி. பூட்டுல துரு ஏறியிருக்கு போல, பல்லுல ஒட்டியிருக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

— வலது கைக்கு வாயெல்லாம் இருக்கு. இடது கைக்குச் சாவியே தெரியல.

— தூங்கறப்ப கையை மடக்கிப் படுத்துட்டேன். ரத்தம் ஓடாம...

— எப்பத்துல இருந்து?

— போன செவ்வாய்க்கிழமை.

— எந்த மாசத்துச் செவ்வாய்?

— நீங்க வக்கீலாப் போயிருக்கணும் சிஸ்டர்.

— மருந்து குடுக்கற இடத்துல உட்கார்ந்தா தானா வந்துடும். மாத்திரை போட்டேன்னு சொல்றவங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே... சரி, எப்பத்துல இருந்து?

— பதினெட்டு நாளா.

— பதினெட்டு நாள்!

— மெதுவா. வெளிய ஆள் இருக்கு.

— கதவு சாத்தியிருக்கு. முதல் நாள் என்ன ஆச்சு?

— இந்த ஆஸ்பத்திரி மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு வால்வ் இருக்குல்ல? சுவருக்கும் தொட்டிக்கும் நடுவுல, இடது கை மட்டும்தான் நுழையும். எத்தனையோ தடவை மூடித் திறந்திருக்கேன். அன்னைக்குக் கையை விட்டுத் துழாவறேன், துழாவறேன், வால்வைக் காணோம். யாரோ கழட்டிட்டாங்கனு நெனச்சேன். காவல்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் கூடப் போட்டேன். அவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "வால்வைப் பிடிச்சுக்கிட்டே வால்வ் எங்கனு கேக்கறியேப்பா"ங்கறார்.

— ஐயோ.

— சிரிச்சோம். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சோம். அப்புறம் படியில இறங்கறப்ப எனக்குச் சிரிப்பு வரல.

— கை மரத்துப் போச்சா?

— அதுதான் சிஸ்டர் எனக்கே புரியல. மரத்துப் போனா ஒண்ணுமே தெரியாதே. எனக்கு எல்லாம் தெரியுது. நட்டு சில்லுனு இருக்கறது தெரியுது. கனம் தெரியுது. ஓரம் குத்தறது தெரியுது. முறுக்கவும் முடியுது, பலம் குறையல. நட்டுனு மட்டும் தெரியமாட்டேங்குது.

— எழுத்தெல்லாம் தெரியுது, வார்த்தை சேரல.

— அதேதான்! எங்க வீட்டம்மா அச்சகத்துல பிழை பார்க்கறவ. அவ சொல்ற மாதிரியே சொல்றீங்க.

— தலைவலி இருக்கா?

— இல்ல.

— அண்ணே.

— காலையில மட்டும். எழுந்ததும். ரெண்டு தடவை வாந்தி. அப்புறம் சரியாயிடும்.

— நுரையீரலுக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பிச்சு எத்தனை வாரம்?

— பதினொண்ணு.

— ராத்திரி போடற எச்.ஐ.வி. மாத்திரை?

— அந்தப் பேரைச் சொல்லாதீங்க சிஸ்டர்.

— கதவு சாத்தியிருக்குனு சொன்னேன்ல? இந்தக் குழாய்க்குக் காது கிடையாது. எத்தனை வாரம்?

— ஏழு.

— ஏழு வாரத்துல எவ்வளவு தேறிட்டீங்க! வரும்போது எலும்பும் தோலுமா வந்த ஆளு. சட்டைக்குள்ள நீங்க இருக்கீங்களானு தேடிப் பார்க்கணும்.

— அதனாலதான்...

— எதனாலதான்?

— சொல்ல வாய் வரல சிஸ்டர். நாலு மாடி ஏற வெச்ச மாத்திரை. சோறு இறங்க வெச்சது. ராத்திரி வேர்க்காம தூங்க வெச்சது. நீங்க அன்னைக்கு என் இருமலைக் கேட்டுட்டு, "குழாய் அப்புறம் பார்க்கலாம், முதல்ல ரத்தம் குடுங்க"னு இழுத்துட்டுப் போகலன்னா நான் இப்ப இருக்கேனா? அப்படிப்பட்ட மாத்திரையைப் பத்தி, அதைப் போட்டதுக்கு அப்புறம்தான் கை கெட்டுச்சுனு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்ககிட்ட வந்து சொல்றது? நன்றி கெட்டவன் மாதிரி இருக்காதா?

— நல்ல நன்றி! பதினெட்டு நாளா வாயைத் திறக்காம இருந்தீங்களே, அதுதான் நன்றியா? எழுந்திருங்க. டாக்டரம்மாகிட்டப் போறோம்.

— நட்டு...

— அந்த நட்டை நானே மாட்டிக்கறேன்.

— நீங்க மாட்டினா ஊரே நனையும்.

— நனையட்டும். நடங்க.

*

— இந்தப் பக்கம் உட்காருங்கண்ணே. ஊசி போட்ட கையை ஆட்டாதீங்க.

— ஸ்கேன் படம் வந்துடுச்சா?

— வந்துடுச்சு. டாக்டரம்மா பார்த்துட்டாங்க. இன்னும் ரெண்டு பேரைப் பார்த்துட்டு உங்களைக் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள பயந்து சாகாம இருக்கட்டும், நீயே போய்ச் சொல்லுனு என்னை அனுப்பிட்டாங்க.

— அவ்வளவு மோசமா?

— மோசம்னா அவங்களே ஓடி வந்திருப்பாங்க. இங்க பாருங்க. இது உங்க தலை.

— என் தலைக்குள்ள இவ்வளவு இடம் இருக்கா! எங்க வீட்டம்மா நம்பமாட்டா.

— கிண்டல் அப்புறம். இந்த வெள்ளை வட்டம் தெரியுதா? பட்டாணி அளவு. வலது பக்கம், மேல, கொஞ்சம் பின்னால. இது காசநோய்க் கட்டி.

— நுரையீரல்ல இருந்தது... தலைக்கு எப்பப் போச்சு?

— நீங்க மெலிஞ்சுக்கிட்டே இருந்தீங்களே, அப்பவே போயிருக்கும். ரத்தத்தோட போய் ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

— அப்பல்லாம் கை நல்லா இருந்துச்சே. படுத்த படுக்கையா இருந்தப்பவும் நட்டு நட்டாத்தான் தெரிஞ்சுது.

— அதுதான் விஷயம். கட்டியைச் சுத்தி இந்தச் சாம்பல் நிறம், புகை மாதிரி, பாருங்க. இது வீக்கம். கையைக் கெடுக்கறது பட்டாணி இல்ல, இந்தப் புகைதான். அது இப்பத்தான் வந்தது.

— யார் கொண்டு வந்தது?

— நீங்க.

— நானா?

— உங்க உடம்பு. கேளுங்க. எச்.ஐ.வி. என்ன பண்ணுது? உடம்புல காவலுக்கு இருக்கற அணுக்களைத் தின்னுடுது. காவல் இல்லாத வீட்டுல காசநோய்க் கிருமி சத்தமில்லாம உட்கார்ந்துக்குச்சு. சண்டை போட ஆள் இல்ல. சண்டை இல்லன்னா வீக்கமும் இல்ல. இப்ப நீங்க மாத்திரை போட்டீங்க. போன மாசம் ரத்தம் பார்த்தப்பவே வைரஸ் லட்சத்துல இருந்து நூத்துக்குள்ள இறங்கிடுச்சு. காவல்காரங்க திரும்பி வந்தாங்க. வந்தவங்க கண்ணுல முதல்ல பட்டது யாரு?

— மூலையில உட்கார்ந்தவன்.

— விடுவாங்களா? இத்தனை நாள் ஆத்திரம். எல்லாரும் சேர்ந்து பாய்ஞ்சுட்டாங்க. சண்டை நடக்கற இடம் வீங்கும். கால்ல வீங்கினா பரவாயில்ல, செருப்பைக் கழட்டிடலாம். மண்டை ஓட்டைக் கழட்ட முடியாதே. வீக்கம் பக்கத்துல இருக்கற இடத்தை அழுத்துது. அந்த இடம்தான் இடது கை அனுப்பற சேதியை எல்லாம் சேர்த்து, சில்லுனு இருக்கு, கனமா இருக்கு, ஆறு ஓரம் இருக்கு, அப்ப இது நட்டுனு சொல்ற இடம்.

— இருங்க சிஸ்டர், இருங்க. எனக்குப் புரியற மாதிரி நானே சொல்லிப் பார்க்கறேன். ஒரு கட்டடம் ரெண்டு மாசம் பூட்டிக் கிடக்குது. தண்ணி இல்ல. திரும்ப வந்து மெயின் வால்வைத் திறக்கறோம். என்ன ஆகும்?

— தண்ணி வரும்.

— முதல்ல வராது. முதல்ல குழாய் இருமும். காத்தைத் துப்பும். அப்புறம் செம்மண் மாதிரி தண்ணி கொட்டும். பலவீனமா இருக்கற மூட்டுல எல்லாம் கசியும். வீட்டுக்காரர் தலையில கை வெச்சுக்கிட்டு, "தண்ணி இல்லாதப்ப நல்லா இருந்துச்சு, திறந்துதான் கெடுத்துட்டே"னு என்னைத் திட்டுவார்.

— நீங்க என்ன சொல்வீங்க?

— துரு இன்னைக்கு வந்தது இல்லய்யா, உள்ளேயேதான் இருந்துச்சு, தண்ணி ஓடினதாலதான் வெளிய தெரியுதுனு சொல்வேன்.

— அவ்வளவுதான்ணே. டாக்டரம்மா அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்ததை அரை நிமிஷத்துல சொல்லிட்டீங்க.

— அப்ப மாத்திரை மேல தப்பு இல்ல.

— மாத்திரை வேலை செய்யுதுங்கறதுக்குச் சாட்சியே இதுதான்.

— ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சிஸ்டர். ஒரு பேச்சுக்கு. ஒருத்தன் அந்த ராத்திரி மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன ஆகும்?

— எந்த ஒருத்தன்?

— யாரோ. எங்க தொழில்ல முதல் பாடமே அதுதானே. கசிவு தெரிஞ்சா எதையும் தொடாதே, ஓடிப் போய் மெயினை மூடு. என் கைக்கு அது பழக்கம்.

— மூடினா வைரஸ் மறுபடி ஏறும். காவல்காரங்க மறுபடி சாவாங்க. மூலையில இருக்கறவன் ஜம்முனு கால் நீட்டுவான். அடுத்த தடவை வரும்போது பட்டாணி எலுமிச்சை ஆகியிருக்கும். நீங்க சொல்லுங்க, செம்மண் தண்ணி வந்தா மெயினை மூடுவீங்களா?

— அதுக்கு மூடமாட்டேன். வால்வைக் கொஞ்சம் இறுக்கி, வேகத்தை மட்டும் குறைப்பேன். தண்ணி ஓடிக்கிட்டேதான் இருக்கணும். நிறம் தெளியத் தெளியத் திறந்து விடணும்.

— அதுக்கும் மாத்திரை இருக்கு. வீக்கத்தை அடக்கற மாத்திரை. காவல்காரங்களை "கொஞ்சம் மெதுவா அடிங்கப்பா"னு சொல்ற மாத்திரை. சில வாரம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். பசி அதிகமா எடுக்கும், தூக்கம் கொஞ்சம் கெடும்.

— பசியா? எடுக்கட்டும் சிஸ்டர். பசிக்காம கிடந்தவனுக்கு அதைவிட என்ன வேணும்... கை திரும்புமா?

— பெரும்பாலும் திரும்பும்னு டாக்டரம்மா சொல்றாங்க. சத்தியம் பண்ணித் தரமாட்டாங்க, நானும் தரமாட்டேன். ஆனா நீங்க இன்னைக்கு வந்தது நல்ல நேரம். இன்னும் ரெண்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வலிப்பு வந்திருக்கலாம். மாடித் தொட்டி மேல நிக்கறப்ப வந்திருந்தா?

— உங்க தண்ணித் தொட்டி நாசமாயிருக்கும்.

— வாயைப் பாரு! கை திரும்பற வரைக்கும் ஏணி ஏறக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. அதனால உங்க வீட்டுக்குப் போன் பண்ணியாச்சு. கூட்டிட்டுப் போக ஆள் வேணும்ல?

— யாருக்குப் பண்ணீங்க?

— வீட்டம்மாவுக்கு.

— சிஸ்டர்! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காசநோய் மட்டும்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். இருமல்னு சொல்லி ஹால்லயே படுத்துக்கறேன். அந்த ராத்திரி மாத்திரை டப்பாவைக் கருவிப் பெட்டியில, குழாய் மூட்டுல சுத்தற டேப்புக்கு அடியில வெச்சிருக்கேன். அவளைக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பார்க்கணும்னு நீங்க ஒவ்வொரு தடவையும் கேட்டீங்கல்ல... அவ எங்கயும் ஊருக்குப் போகல. நான்தான்...

— தெரியும், எல்லாரும் ஊருக்குத்தான் போவாங்க. எங்க நோட்டைப் பார்த்தா இந்த நாட்டுல பாதி மனைவிங்க ஊர்லதான் இருக்காங்க. பயப்படாதீங்க. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. இத்தனை வாரம் ஒருத்தர் ரகசியத்தை இன்னொருத்தர்கிட்ட விட்டிருக்கேனா?

— இல்ல சிஸ்டர். அதுக்கு உங்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

— கும்பிடு வேண்டாம். அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. அதோ, வர்றாங்க.

*

— என்னங்க, எழுந்து நிக்காதீங்க. உட்காருங்க. தலை சுத்துதா?

— இல்லம்மா. அச்சகத்துல வேலை இருக்குமே, எதுக்கு நீ...

— புத்தகம் ஒரு நாள் பிழையோடவே இருக்கட்டும். சிஸ்டர், சாப்பிட்டாரா?

— பிஸ்கட் குடுத்தேன்மா. சாப்பிட்டார். எனக்கு வைக்காம.

— அப்ப நல்லாத்தான் இருக்கார்.

— உட்காரும்மா. டாக்டர்... டாக்டர் என்ன சொன்னாங்கன்னா, தலையில சின்னதா ஒரு வீக்கம். காசநோயாலதான். மாத்திரை போட்டாப் போயிடும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரி.

— உன் மூஞ்சி சரின்னு சொல்லலயே.

— என் மூஞ்சியை விடுங்க. கையைக் குடுங்க. இடது கை.

— இது உனக்கு எப்படி...

— சாப்பிடறப்ப தண்ணி டம்ளரை உங்க வலது பக்கமா வெச்சுக்கிட்டு இருக்கேனே ரெண்டு வாரமா. கவனிக்கலயா?

— கவனிக்கல. நீதான் வெச்சியா?

— இல்ல, டம்ளர் தானா நடந்து வந்துச்சு.

— ஒண்ணு சொல்லணும். ரெண்டு பேருக்கும். சிஸ்டர், நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்ல... அந்த ஒருத்தன் நான்தான். மெயினை மூடிட்டேன்.

— அண்ணே! ராத்திரி மாத்திரையையா?

— கை கெட்டதும் அதனாலதான்னு நெனச்சேன். மூடினா கசிவு நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. அப்புறம் திறக்கவும் பயம், உங்ககிட்டச் சொல்லவும் வெக்கம். ஒன்பது நாளாச்சு.

— பதினொண்ணு.

— ஒன்பதும்மா, எனக்கு நல்லா... என்னது?

— பதினொண்ணு. கருவிப் பெட்டியில, டேப்புக்கு அடியில. இருபத்திரெண்டு மாத்திரை இருந்துச்சு. மறுநாளும் இருபத்திரெண்டு. பதினொரு நாளா இருபத்திரெண்டேதான்.

— சிஸ்டர்... நீங்க...

— நான் ஒரு வார்த்தை சொல்லலண்ணே. உங்க ரகசியத்தை அவங்ககிட்டச் சொல்லல. அவங்க இங்க வந்து போன ரகசியத்தை உங்ககிட்டயும் சொல்லல. ரெண்டையும் வெச்சுக்கிட்டு எனக்குத்தான் வயிறு உப்பிப் போச்சு.

— உனக்கு... எப்பத்துல இருந்தும்மா தெரியும்?

— முதல் டப்பாவுல இருந்து. பொடி எழுத்துப் படிக்கறவகிட்ட மருந்துத் தாளை மறைச்சு வைக்கலாமா? பேரை எழுதிக்கிட்டு இங்க வந்து ரத்தம் குடுத்தேன். எனக்கு இல்லனு வந்துச்சு, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும். கோவம் இருக்கு. அதை வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கேன், நீங்க தேறினதும் எடுப்பேன். நீங்களாச் சொல்வீங்கனு காத்திருந்தேன். காத்திருந்தது என் பிழை, பதினொரு நாள் போயிடுச்சு. இப்ப உள்ள வர்ற வழியில டாக்டரம்மாகிட்ட அதையும் சொல்லிட்டேன், திட்டிட்டு வழியும் சொன்னாங்க. காலையில வெறும் வயித்துல காசநோய் மாத்திரை. சாப்பிட்டதும் வீக்க மாத்திரை, அவங்க சொல்றப்பதான் குறைக்கணும். ராத்திரி ஒன்பது மணி மாத்திரை இன்னைக்கே மறுபடி ஆரம்பிக்குது, அதை நான் என் கையால குடுப்பேன். மூணுல எதையும் நாமளா நிறுத்தக் கூடாது. டப்பா இனிமே சாப்பாட்டு மேசை மேலயே இருக்கும்.